ஏற்காட்டுச் சாலையில் மாமூத் யானைகள்

1952-ல் அமெரிக்கத் திரையரங்குகளில் 'தி ஜங்கிள்' என்றொரு படம் வெளியானது. இந்தியக் காடொன்றில் யானைக் கூட்டங்கள் காரணம் தெரியாமல் மிரண்டு ஊர்களை மிதித்து அழிக்கின்றன. காரணத்தைத் தேடி ஓர் இளவரசியும் ஓர் அமெரிக்க வேட்டைக்காரரும் பரிவாரத்தோடு காட்டுக்குள் போகிறார்கள். பனியூழிக் காலத்தோடு அழிந்துபோன மாமூத் யானைகள் இன்னும் அங்கே உயிரோடு திரிவதைக் காண்கிறார்கள். ராட் கேமரூன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்ஸர் ஆகிய ஹாலிவுட் நடிகர்களோடு நம் எம்.என்.நம்பியாரும் நடித்த படம். இசையமைத்தவர்கள் எஸ்.தட்சிணாமூர்த்தியும் ஜி.ராமநாதனும். தமிழில் 'காடு' என்ற பெயரில் வந்தது. அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து இதைத் தயாரித்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். வளர்ப்பு யானைகளின் மேல் நீண்ட செயற்கை ரோமத்தைப் போர்த்தி மாமூத்துகளாக நடமாட விட்டார்கள்.

படத்தின் தரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 73 நிமிடம் ஓடும் சாதாரண சாகசக் கதை அது. ஆனால் அதன் பின்னால் நிற்கும் ஆட்களையும், அது எடுக்கப்பட்ட மண்ணையும், அந்த மண்ணை அதற்கு முன் படமாக்கியவர்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது வேறொரு வரலாறு தெரிகிறது. சேலம், நாமக்கல் சமவெளியை வெளியிலிருந்து வந்தவர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பார்த்திருக்கிறார்கள், வரைந்திருக்கிறார்கள், படம் பிடித்திருக்கிறார்கள். இந்தச் சமவெளி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளத் தொடங்கியது மிகவும் தாமதமாகத்தான்.

முதலில் வந்தவர்கள் படைகளின் பின்னால் வந்தார்கள். மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து 1792-ல் இந்தப் பக்கத்துப் பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அதே ஆண்டில் ஓவியர்கள் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் சென்னையிலிருந்து புறப்பட்டு இந்தப் பக்கம் வந்தார்கள். ராயக்கோட்டை, வீரபத்திர துர்க்கம் போன்ற மலைக்கோட்டைகளை வரைந்தார்கள். அவர்கள் உருவங்களின் அளவும் கோடும் பிசகாமலிருக்க 'கேமரா அப்ஸ்குரா' என்னும் இருட்டுப் பெட்டியைப் பயன்படுத்தியவர்கள். லென்ஸ் வழியாக உள்ளே விழும் பிம்பத்தின் மேல் பென்சிலை ஓட்டி வரைவது அதன் முறை. பிலிம் கண்டுபிடிக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பே, கிட்டத்தட்ட ஒரு கேமராவின் கண்ணால் இந்தக் குன்றுகள் பார்க்கப்பட்டுவிட்டன.

திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800-ல், பிரான்சிஸ் புக்கானன் வந்தார். கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அனுப்பிய மருத்துவர், தாவரவியல் அறிஞர். மைசூர் மேட்டிலிருந்து காவேரிபுரம் கணவாய் வழியாக இறங்கிக் காவிரியை ஒட்டி பவானி, ஈரோடு என்று போனார். காவேரிபுரம் இன்று சேலம் மாவட்டத்தில், மேட்டூருக்கு மேலே இருக்கிறது. புக்கானனுக்குக் காட்சி அழகில் பெரிய ஈடுபாடு கிடையாது. எந்த நிலத்தில் என்ன விதைக்கிறார்கள், வரி எவ்வளவு, ஏரி உடைந்து எத்தனை வருஷம் ஆகிறது, இரும்பை எப்படி உருக்குகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். 1807-ல் மூன்று பாகங்களாக வெளியான அவருடைய பயண நூலைப் படிப்பவர்களுக்குச் சலிப்பு வரலாம். ஆனாலும் நான் டேனியல்களைவிட அவரையே உயர்வாக மதிக்கிறேன். டேனியல்களின் கோட்டைகளில் மனிதர்கள் உயரத்தைக் காட்டுவதற்காக நிறுத்தப்பட்ட புள்ளிகள். புக்கானனின் பக்கங்களில் அவர்கள் பேசுகிறார்கள். கம்பெனிக்கு வருமானக் கணக்கு தேவைப்பட்டதால்தான் அவர் கேட்டார் என்பது உண்மையே. கேட்டவரின் நோக்கம் எதுவாயினும், பதில் சொன்ன குடியானவரின் செய்தி தாளில் நிலைத்துவிட்டது.

மூன்றாவதாக வந்தவர் லின்னேயஸ் ட்ரைப். இவரைச் சேலத்துக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ராணுவ அதிகாரியான இவர் 1855-ல் பர்மாவின் ஆவா அரசவைக்குப் போன தூதுக்குழுவோடு சென்று படமெடுத்தவர். 1856-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பித் தெற்கே மதுரை, தஞ்சாவூர் வரை போன பெரும்பயணத்தின் தொடக்கத்தில் பழைய சேலம் மாவட்டத்தைக் கடந்தார். ராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டும் தனித் தொகுப்பு 1858-ல் சென்னையில் வெளியானது. இந்த மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய மிகப் பழைய புகைப்பட நூல்களில் அது ஒன்று.

ட்ரைப் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். அந்தக் காலத்தில் புழக்கத்துக்கு வந்திருந்த ஈரக் கண்ணாடித் தகடு இன்னும் நுணுக்கமான படத்தைத் தரும். ஆனால் தகட்டை அந்த இடத்திலேயே ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே கூடாரத்துக்குள் கொண்டுபோய்க் கழுவ வேண்டும். மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயாரித்து வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம், எடுத்த பிறகு நிதானமாகக் கழுவலாம். மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போகிறவருக்கு அதுதான் தோது. ஒரே குறை, வெளிச்சத்தை அது மெல்ல மெல்லத்தான் வாங்கும். நிமிடக் கணக்கில் மூடியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பாறையும் கோபுரமும் துல்லியமாகப் பதியும். நடந்துபோகிறவர்கள் பதியவே மாட்டார்கள். வானம் வெளிறிப்போய் வெள்ளையாக நிற்கும், அதனால் நெகட்டிவின் மேல் வண்ணம் தீற்றி மேகத்தை அவர் தாமே உண்டாக்கினார். ட்ரைப் எடுத்த படங்களில் ஊர்கள் காலியாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இந்த ரசாயனம். மீதிக் காரணம் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. கட்டடங்களையும் நிலத்தோற்றங்களையும் பதிவு செய்து வரச் சொன்னார்களே தவிர, அங்கே வாழ்ந்தவர்களை அல்ல. 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் புகைப்படத் துறையை வீண் ஆடம்பரம் என்று முடித்துவைத்தார். அரசாங்கம் ஒரு கலைஞரைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்த அந்தச் சில ஆண்டுகள்தான் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டிய நீள்படத்தையும் நமக்குத் தந்தன.

ஏறக்குறைய எண்பது ஆண்டு கழித்து, இதே நிலத்தில் பிறந்த ஒருவர் கேமராவைக் கையில் எடுத்தார். திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம், 1907-ல் பிறந்தவர். நெசவு ஜவுளித் தொழில் குடும்பம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர். சேலத்தில் ஏஞ்சல் பிலிம்ஸோடு சேர்ந்து சில படங்களில் கைபழகிய பின், 1935-ல் ஏற்காட்டு அடிவாரச் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். 1937-ல் 'சதி அகல்யா'. 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்'. 1956-ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. 1961-ல் மலையாளத்தின் முதல் வண்ணப்படமான 'கண்டம் பெச்ச கோட்டு'. ஒரு மாவட்டத் தலைநகரில் இருந்துகொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த நிறுவனம் அது.

அந்த ஸ்டுடியோவின் கேட்டைத் தாண்டி வெளியே வந்தால் சேர்வராயன் மலை. கிழக்கே போனால் கல்வராயன், தெற்கே கொல்லிமலை, நாமக்கல் பாறை, மேற்கே சங்ககிரி, சுந்தரத்தின் சொந்த ஊரான திருச்செங்கோட்டுச் செம்மலை. இத்தனை இருந்தும் முதல் பத்தாண்டுகளில் தமிழ்ப் படங்கள் ஏன் நான்கு சுவருக்குள்ளேயே கிடந்தன என்ற கேள்வி எழும். காரணம் சத்தம். ஆரம்பகாலப் பேசும்படத்தில் வசனம் மட்டுமல்ல, பாட்டும் கேமரா ஓடும்போதே பதிவாக வேண்டும். வாத்தியக்காரர்கள் பிரேமுக்கு வெளியே மறைந்து நின்று வாசிக்க வேண்டும். காற்று அடித்தால் போச்சு, காக்கை கரைந்தால் போச்சு. 1938-ஐ ஒட்டிப் பின்னணிப் பாடல் முறை வந்த பிறகுதான், முன்பே பதிவான பாட்டை ஒலிக்கவிட்டு எங்கே வேண்டுமானாலும் நடிகர்களை வாயசைக்க வைக்க முடிந்தது. தமிழ்ப் படத்தின் காதலர்கள் மலைமேல் ஓடிப் பாடத் தொடங்கியதற்கு இந்தத் தொழில்நுட்ப மாற்றமே வழிவிட்டது.

வெளிச்சத்துக்கு வேறு வகைப் போராட்டம். அன்றைய பிலிமுக்குச் சூரியன் நிறைய வேண்டும். ஆனால் நம் சமவெளியின் உச்சி வெயில் கண்குழியில் கறுப்பு நிழலை இறக்கிவிடும். வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகளை ஆட்கள் தூக்கிப் பிடித்து அந்த வெயிலையே முகத்துக்குத் திருப்பி அடித்தார்கள். அதைப் பிடித்தவர்களின் பெயர் எந்த டைட்டிலிலும் வரவில்லை.

அவுட்டோரில் கேமராவை நகரவிட்டவர்களில் முக்கியமானவர் எல்லிஸ் ஆர். டங்கன். 1909-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் பிறந்தவர், தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர். உடன் படித்த மாணிக் லால் டாண்டன் அழைத்ததால் 1935-ல் சில மாதத் திட்டத்தோடு இந்தியா வந்தார். தங்கியது பதினைந்து ஆண்டு. எம்.ஜி.ஆர். அறிமுகமான 'சதி லீலாவதி' (1936), 'அம்பிகாபதி' (1937), எம்.எஸ்.சுப்புலட்சுமி நடித்த 'சகுந்தலை' (1940), 'மீரா' (1945) எல்லாம் அவர் இயக்கியவை. அவருக்குத் தமிழ் தெரியாது. உதவியாளர்கள் மொழிபெயர்க்க, காட்சியை அவர் கண்ணாலேயே எடைபோட்டார். மேடை நாடகத்தின் பிடியிலிருந்து தமிழ் சினிமா விலகியதில் இந்தக் குறைபாட்டுக்கும் பங்குண்டு என்று நான் நினைக்கிறேன். வசனத்தின் அழகில் மயங்க முடியாதவர் உடல் அசைவிலும் நிழலிலும் இடத்திலும்தான் கதையைத் தேடியாக வேண்டும்.

1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸுக்காக அவர் செய்த இரு படங்களும் இதைக் காட்டுகின்றன. பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்தைத் தழுவிய 'பொன்முடி' ஒன்று. குண்டலகேசிக் கதையிலிருந்து மு.கருணாநிதி எழுதிய 'மந்திரி குமாரி' இன்னொன்று. இதில் டங்கனுடன் சுந்தரத்தின் பெயரும் இயக்குநராக வருகிறது. கணவன் மனைவியைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். அவள் அவனைக் கடைசியாக வலம்வர அனுமதி கேட்டு, பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள். எஸ்.ஏ.நடராஜனும் மாதுரி தேவியும் நடித்த அந்தக் காட்சி ஏற்காட்டில் எடுத்தது என்று சேலத்தில் வயதானவர்கள் பாறையைக் காட்டிச் சொல்வார்கள். காட்சியின் பலம் அந்த உயரத்தில் இருக்கிறது. செட் போட்ட அட்டைப் பாறையில் அந்தத் தள்ளுதல் நம் வயிற்றைக் கலக்கியிருக்காது.

டங்கன் தன்னை எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதற்கு அவருடைய சுயசரிதையின் தலைப்பே போதும்: 'எ கைடு டு அட்வென்ச்சர்'. 2001-ல் வெளியானது, அதே ஆண்டு அவர் காலமானார். தமிழ்நாட்டை அவர் நேசித்தார், உழைத்தார், இங்குள்ள கலைஞர்களை மதித்தார். ஆனாலும் இது அவருக்கு ஒரு சாகசப் பயணத்தின் களம். அமெரிக்கா திரும்பிய பிறகும் இந்தியாவில் வேட்டை, புலி, டார்ஸான் என்று வந்த படக்குழுக்களோடு வேலை செய்தார்.

'தி ஜங்கிள்' படத்தில் இந்தப் பரம்பரை முழுவதும் ஒன்றுகூடியது. இயக்கம் வில்லியம் பெர்க். கதை எழுதிய கேரல் யங் டார்ஸான் படங்களுக்கு எழுதிப் பழகியவர். ஒளிப்பதிவாளர் கிளைட் டி வின்னா. இந்தப் பெயரில் சற்று நிற்க வேண்டும். தென்கடல் தீவில் எடுத்த 'ஒயிட் ஷேடோஸ் இன் தி சவுத் சீஸ்' (1928) படத்துக்காக ஆஸ்கர் பெற்றவர். ஆப்பிரிக்காவுக்குப் போய் 'டிரேடர் ஹார்ன்' (1931), அலாஸ்காவுக்குப் போய் 'எஸ்கிமோ' (1933) எடுத்தவர். அமெச்சூர் ரேடியோ இயக்குபவராகவும் இருந்ததால், காட்டிலிருந்து வெளியுலகத்தோடு தொடர்பு வைத்திருந்தவரும் அவரே. ஸ்டுடியோ ஒளிப்பதிவாளர்கள் போகத் தயங்கிய இடங்களுக்கெல்லாம் கேமராவைத் தூக்கிப் போன மனிதர், கடைசிக் காலத்தில் சேலத்து நிறுவனத்தின் படத்துக்கு வந்தார். 1953-ல் இறந்தார். தமிழ் சினிமா வரலாற்றை எழுதுகிறவர்கள் இவருக்கு ஒரு பத்தியாவது கொடுத்திருக்க வேண்டும்.

இவ்வளவு திறமையும் சேர்ந்து என்ன சொல்லியது? இந்தியக் காட்டின் ரகசியம் இந்தியர்களுக்குத் தெரியாது, அமெரிக்கர் வந்து கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லியது. பணத்தில் ஒரு பங்கு சேலத்தினுடையது, இசை நம்முடையது, யானையும் பாகனும் நம்முடையவர்கள். கதையின் கண் மட்டும் நம்முடையதல்ல. ஹாலிவுட்டோடு சரிசமமாகக் கூட்டு வைத்த சுந்தரத்தின் துணிச்சலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1952-ல் இந்தியாவில் அதைச் செய்யத் துணிந்தவர்கள் மிகச் சிலர். அந்தத் துணிச்சலுக்கு ஈடான கதை கிடைக்கவில்லை என்பதே என் வருத்தம்.

ஏனெனில் கதை பக்கத்திலேயே இருந்தது. ஸ்டுடியோவுக்கு மேலே, அதே ஏற்காட்டில், ராபர்ட் புரூஸ் ஃபூட் ஓய்வுக்காலத்தில் வாழ்ந்தார். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைப் பொறுக்கி எடுத்து, இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்று நிறுவியவர் அவர். வில்லியம் கிங்கோடு சேர்ந்து சேலம், திருச்சி உள்ளிட்ட மாவட்டங்களின் பாறையமைப்பை ஆராய்ந்து எழுதியவர். சேர்வராயன் மலையில் மெருகேற்றிய புதிய கற்காலக் கோடரிகளைச் சேகரித்தார். உழும்போது கிடைத்த அந்தக் கற்களை மலைக்கிராமத்து மக்கள் கோயிலில் வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். 1912-ல் இறந்த அவருடைய நினைவுக்கல் ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. அவர் நல்ல ஓவியரும்கூட. பல ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் தீட்டிய கோடரியை இன்றைக்கும் சாமியாக வைத்திருக்கும் மலை மேலே நிற்க, கீழே யானைக்கு ரோமம் ஒட்டிப் பனியூழிக் காலத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தோம்.

பார்ப்பவனாகத் தமிழனே புறப்பட்ட உதாரணமும் நமக்கு உண்டு. கோட்டையூர் ஏ.கே.செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்று, 1937-ல் கடற்பயணத்தின் நடுவே காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கத் தீர்மானித்தார். ஒரு லட்சம் மைல் அலைந்து, பலநாட்டு ஒளிப்பதிவாளர்கள் எடுத்திருந்த சுமார் 50,000 அடி பிலிமைத் திரட்டி, 1940-ல் படத்தை வெளியிட்டார். டங்கன் 'சகுந்தலை' எடுத்த அதே ஆண்டு. தமிழர்களின் பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்தவரும் இவர்தான். தன் பயணத்தைப் பற்றி எழுதும்போதும் தன்னை முன்னால் நிறுத்தாதவர். ஊர் சுற்றிப் படமெடுக்க விரும்பும் இளைஞர்கள் இன்று வெளிநாட்டு யூடியூபர்களிடம் கற்கும் அளவுக்குச் செட்டியாரிடம் கற்பதில்லை.

சேலம், நாமக்கல் மண் தன் சொந்தக் குரலில் பேசியது சினிமாவுக்கு முன்பு இலக்கியத்தில்தான். திருச்செங்கோட்டுக்காரரான பெருமாள்முருகன் 'கூளமாதாரி'யில் ஆடு மேய்க்கும் சிறுவர்களின் கண்ணால் மேட்டுக்காட்டைக் காட்டினார். 'நிழல்முற்றம்' நாவலில் ஒரு சிறுநகரத் திரையரங்கில் சோடா விற்றும் எடுபிடி வேலை செய்தும் பிழைக்கும் பையன்களின் வாழ்க்கையை எழுதினார். சுந்தரம் பிறந்த ஊரிலிருந்து, சினிமாக் கொட்டகையின் திரைக்கு எதிர்ப்பக்கம் நின்றவர்களைப் பற்றி ஒரு நாவல் வந்தது என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அவருடைய 'வறுகறி' சிறுகதையை வைத்து இயக்குநர் தமிழ் எடுத்த 'சேத்துமான்' படம் 2022-ல் வெளியானது. தாத்தா, பேரன், ஒரு பன்றி, அதைச் சுற்றிய சாதி. அந்தப் படத்தில் வெட்டவெளி இன்னோர் இடமாக நடிக்கவில்லை. கள்ளிவேலியும் காய்ந்த காடும் அந்த மனிதர்கள் நடக்கிற, பயப்படுகிற, கறி பங்கு போடுகிற இடமாகவே இருந்தன. ட்ரைப்பின் காகிதத்தில் பதியாமல் போனவர்கள் திரையின் நடுவில் வந்து நின்றார்கள்.

இந்த வரிசையில் படமெடுக்க இன்னும் எவ்வளவோ மிச்சமிருக்கிறது. கஞ்சமலையில் இரும்பு உருக்கிய வரலாறு, சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் வெள்ளைக்கல் வெட்டிய தொழிலாளர்கள், நாமக்கல்லிலிருந்து அசாம் வரை லாரியோட்டிப் போனவர்களின் வழித்தடங்கள், கொல்லிமலைச் சந்தை. ஒரு கேமராவும் புக்கானனைப் போலக் கேட்கும் பொறுமையும் இருந்தால் போதும்.

அதற்கு முன் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். சுந்தரம் 1963-ல் மறைந்தார். அவர் மகன் ராமசுந்தரம் தொடர்ந்து நடத்தியும் ஸ்டுடியோ கடைசியில் மூடப்பட்டு, நிலம் குடியிருப்பாகிவிட்டது. சாலையோரத்து நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. சேலம் அரசு அருங்காட்சியகத்தில் மாடர்ன் தியேட்டர்ஸுக்கென ஓர் அறை ஒதுக்கி, ட்ரைப் எடுத்த சேலம் படங்களின் நகல்களையும் அங்கே வைக்க வேண்டும். அரசு செய்யும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டில் யாராவது அந்த ஸ்டுடியோவில் லைட்மேனாக, தச்சராக, டிரைவராக, ரிஃப்ளெக்டர் பிடித்தவராக வேலை செய்திருந்தால், அவர்கள் சொல்வதைக் கைபேசியிலாவது பதிவு செய்துவையுங்கள். பழைய படப்பிடிப்புப் புகைப்படம் இருந்தால், அதில் நிற்பவர்கள் யார் யார், எந்த இடம், எந்தப் படம் என்று அவர்களைக் கேட்டுப் பின்பக்கம் பென்சிலால் எழுதிவையுங்கள்.